ஒரு பிராக்கெட்டின் வில்லங்கச் சான்று

காரின் அடியில் கண்ணில் படாமல் கிடக்கும் ஒரு பிராக்கெட். அதிலுள்ள 8 மில்லிமீட்டர் துளையை 10 மில்லிமீட்டராக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரையில் இது அரை நிமிட வேலை. திரைக்கு வெளியேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. துளைக்குள் போகும் போல்ட் மாற வேண்டும். எதிர்த் தகட்டிலும் துளை பெரிதாக வேண்டும். பிராக்கெட்டை அடித்துத் தரும் சப்ளையரின் டை மாற வேண்டும். அவர் கையிலிருக்கும் பழைய டிராயிங் அன்றே செல்லாததாக வேண்டும். இதே பிராக்கெட் இன்னொரு மாடலிலும் இருக்கிறது என்றால், அந்த மாடலைக் கவனிக்கும் இன்ஜினியருக்கு யார் சொல்வது?

புனே நகரம் இந்தக் கேள்வியோடு வாழ்கிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வட், சாக்கன் பக்கம் டாடா மோட்டார்ஸ், பஜாஜ், மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன் ஆலைகள். அவற்றைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகள். அதே நகரின் ஹிஞ்சவடியில், அந்த வாகனங்களை வரையவும் வரைந்ததைப் பாதுகாக்கவும் உதவும் மென்பொருள்களில் வேலை செய்கிறவர்கள். சீமென்ஸ், பிடிசி, டசால்ட் சிஸ்டம்ஸ் மூன்றுக்கும் புனேயில் மேம்பாட்டு மையங்கள் உண்டு. இன்றைய டாடா மோட்டார்ஸின் ஒரு பிரிவாக 1989-ல் தொடங்கிய டாடா டெக்னாலஜிஸின் தலைமையகமும் ஹிஞ்சவடியில்தான் இருக்கிறது.

வரைந்த ஃபைலை ஒரு பொது ஃபோல்டரில் போட்டுவைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. முப்பரிமாண வடிவமைப்பில் ஓர் அசெம்பிளி ஃபைலைத் திறந்தால் என்ஜின் முழுசாகத் தெரியும்; ஆனால் அந்தப் பாகங்கள் பெரும்பாலும் அந்த ஃபைலுக்குள் இருப்பதில்லை. எந்தப் பாகம், எந்த ஃபைலில், எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் பொருந்துகிறது என்ற சுட்டுக் குறிப்புகள்தான் அதில் இருக்கும். யாரோ ஒருவர் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் என்ஜினிலிருந்து பிஸ்டன் காணாமல் போகும்.

அதனால்தான் தயாரிப்புத் தரவு மேலாண்மை மென்பொருள், சுருக்கமாகப் பிடிஎம், தேவைப்பட்டது. இதில் எல்லா ஃபைலும் வால்ட் எனப்படும் ஒரே பெட்டகத்தில் இருக்கும். மாற்ற விரும்புகிறவர் செக்-அவுட் செய்து எடுப்பார்; அவர் திருப்பி செக்-இன் செய்யும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், கைவைக்க முடியாது. ஒப்புதலாகி ரிலீஸ் ஆனதும் ரிவிஷன் எழுத்து ஏறும்: ஏ, பி, சி என்று. அமெரிக்க டிராயிங் தர நெறிப்படி இந்த வரிசையில் ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய எழுத்துகள் வராது. ஐ-யை ஒன்று என்றும், ஓ-வைப் பூஜ்யம் என்றும் பட்டறையில் படித்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான் காரணம். சொத்துக்கு வில்லங்கச் சான்று எடுப்பதுபோல ஒரு பிராக்கெட்டுக்கும் வரலாறு எடுத்துவிடலாம்: யார், எப்போது, எதை மாற்றினார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள், இன்று எந்தெந்த அசெம்பிளியில் அது உட்கார்ந்திருக்கிறது.

தரவு ஒழுங்காகக் கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 பெரிய சாட்சி. அந்த விமானத்துக்குள் 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வயர் ஓடுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் குழு கேட்டியா மென்பொருளின் 4-ஆம் பதிப்பிலும், பிரான்ஸின் துலூஸ் குழு 5-ஆம் பதிப்பிலும் வரைந்தன. ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பொருத்தும்போது பார்த்தால் வயர்கள் நீளம் போதவில்லை. 2006-ல் இது வெளிச்சத்துக்கு வந்தது. விமானத்தை ஒப்படைப்பது ஏறக்குறைய இரண்டு வருடம் தள்ளிப்போனது.

இனித்தான் எனக்கு உண்மையிலேயே வியப்பூட்டும் பகுதி. பிடிஎம் மென்பொருளை எழுதுகிறவருக்குச் சாக்கனிலுள்ள ஒரு தொழிற்சாலையின் வழக்கம் தெரியாது. அங்கே பாக எண் எப்படித் தொடங்க வேண்டும், எந்த உலோகத்துக்கு யார் கையெழுத்து, எடையை நிரப்பாமல் ரிலீஸ் செய்யலாமா என்பதெல்லாம் அந்த ஆலையின் சட்டம். எழுதியவர் அதை முன்கூட்டி ஊகிக்க முயல்வதில்லை. மென்பொருளின் ஒவ்வொரு முக்கியச் செயலுக்கு முன்னும் பின்னும் ஓர் இடம் விட்டுவைக்கிறார். அந்த இடத்தில் வேறொருவர் எழுதிய துணைக்கருவி வந்து உட்காரலாம்.

சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளின் பிடிஎம்மைப் பாருங்கள். அதில் துணைக்கருவி, இரண்டே வாசல்கள் உள்ள ஒரு சிறு நிரலாக இருக்கலாம். முதல் வாசலில் அது தன் பெயரையும், எந்தெந்த நிகழ்வுகளின்போது தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறது. அந்த நிகழ்வு நேரும்போது மென்பொருள் இரண்டாவது வாசலைத் தட்டுகிறது. ஒருவர் செக்-இன் பட்டனை அழுத்துகிறார். ஃபைல் பெட்டகத்துக்குள் போகும் முன் துணைக்கருவிக்கு அழைப்பு வருகிறது. அது உலோகத்தின் பெயர் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால், எம்பிகேன்சல் என்ற ஒரே ஒரு மாறியில் ‘ஆம்’ என்று எழுதிவிட்டுத் திரும்புகிறது. செக்-இன் நின்றுவிடும். இந்தக் கருவியை நிர்வாகி ஒருமுறை பெட்டகத்தில் ஏற்றினால் போதும். அந்தப் பெட்டகத்தைப் பயன்படுத்தும் எல்லாக் கணினிக்கும் தானாகவே போய்ச் சேரும்.

சீமென்ஸின் டீம்சென்டர் மென்பொருளில் ஒப்புதல் ஓட்டத்துக்கு இருவகைக் கருவிகள் உண்டு. ஒருவகை, மேலே போகலாமா கூடாதா என்று மட்டும் தீர்ப்புச் சொல்லும். இன்னொருவகை, மின்னஞ்சல் அனுப்புவது, நிலையை மாற்றுவது என்று வேலையைச் செய்யும். தீர்ப்பையும் செயலையும் பிரித்துவைத்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

துணைக்கருவி எழுதுவதில் இந்தியர்களுக்கு நல்ல பங்குண்டு. கோத்ரெஜ் குழுமத்திலிருந்து வந்த ஜியோமெட்ரிக் நிறுவனம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. புனேயில் அதற்குப் பெரிய மையம் இருந்தது. 2017-ல் எச்சிஎல் டெக்னாலஜிஸோடு இணைந்தது. அது உருவாக்கிய ஃபீச்சர்வொர்க்ஸ், சாலிட்வொர்க்ஸுக்குள் இயங்கும் கருவி. வேறு மென்பொருளிலிருந்து வரும் உருவம் வெறும் வடிவமாகத்தான் வரும். இது துளை, இது விளிம்பு வளைவு என்ற நினைவு அதற்கு இருக்காது. ஃபீச்சர்வொர்க்ஸ் பரப்புகளை ஆராய்ந்து அந்த நினைவை மீட்டுத் தரும்.

அதே நிறுவனம் உருவாக்கிய டிஎஃப்எம்ப்ரோ, வரைந்ததைச் செய்ய முடியுமா என்று வடிவமைப்பு மென்பொருளுக்குள்ளேயே இருந்து சோதிக்கும். ஓர் உலோகக் கட்டியில் செவ்வகப் பள்ளம் வரைகிறோம். உள் மூலைகள் கூராக, 90 டிகிரியில் அழகாக இருக்கின்றன. ஆனால் மில்லிங் கட்டர் சுழலும் உருளை. அதன் ஆரத்தைவிடக் கூரான மூலையை அதனால் குடைய முடியாது. மூலைக்கு வளைவு கொடு என்று கருவி அங்கேயே சொல்கிறது. தகட்டில் வளைவுக்கு மிக அருகே துளை வைத்தால், வளைக்கும்போது துளை நெளியும் என்று எச்சரிக்கிறது. அனுபவமுள்ள ஃபோர்மேன் சொல்லித்தரும் அறிவு இது. பட்டறைக்குப் போய்த் திரும்பிவர வேண்டிய டிராயிங், மேஜையிலேயே திருந்திவிடுகிறது.

கருவிகளைக் குவித்தால் நன்மை என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மேலாளரின் விருப்பத்துக்கும் ஒரு துணைக்கருவி சேர்த்துக்கொண்டே போனால், மூல மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். எழுதியவர் வேலை மாறிப் போயிருந்தால் கேட்கவும் ஆளிருக்காது. அந்த அச்சத்திலேயே நிறுவனங்கள் பழைய பதிப்பில் தேங்கிவிடுகின்றன. வெளியே அறிவிக்கப்பட்ட வாசல்கள் வழியாக மட்டும் நுழைந்து, ஒரே வேலையைச் செய்து, மறுத்தால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் கருவியே நல்ல கருவி.

கோவையிலோ ஓசூரிலோ மெக்கானிக்கல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறைக்கு லேத்தும் தெரிந்து, நிரலும் தெரிந்தவர்கள் தேவை. சாலிட்வொர்க்ஸில் மேக்ரோ பதிவு செய்யும் வசதி இருக்கிறது. நீங்கள் கையால் செய்வதை அது நிரலாக எழுதித் தரும். வெளி நிரல்களுக்கான அதன் வாசல்களை விளக்கும் ஏபிஐ கையேடும் இணையத்தில் கிடைக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு துளையை வரைந்து, அந்த மேக்ரோவைத் திறந்து வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.