மேகத்தைத் தாண்டி மண்ணைப் பார்க்கும் ரேடார்: நிலம் நகர்வதை முன்கூட்டியே சொல்லுமா நிசார்?

2024 ஜூலை 30 அதிகாலை, கேரளாவின் வயநாடு மாவட்டத்தில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளை நிலச்சரிவு அடித்துச் சென்றது. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எவ்வளவு பகுதி சேதம் என்று மேலிருந்து பார்க்கலாம் என்றால், மலை முழுக்க மழை மேகம். கேமரா வைத்த செயற்கைக்கோளுக்கு மேகம் மட்டும்தான் தெரியும்.

அப்போது கைகொடுத்தது இஸ்ரோவின் ரிசாட் ரேடார் செயற்கைக்கோள். மறுநாளே அது எடுத்த படத்தை வைத்து, சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்திருப்பதையும், மண்ணும் பாறையும் ஏறக்குறைய 8 கி.மீ. ஓடியிருப்பதையும் இஸ்ரோ கணக்கிட்டது.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 ஜூலை 30 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய 'நிசார்' விண்ணில் ஏவப்பட்டது. இதுவும் ரேடார் செயற்கைக்கோள்தான். ஆனால் இதன் முக்கிய வேலை, நிலம் மெதுவாக நகர்வதைத் தொடர்ந்து அளப்பது.

கேமராவுக்கும் ரேடாருக்கும் என்ன வித்தியாசம்?

கேமராவுக்கு சூரிய வெளிச்சம் வேண்டும். ரேடார் தானே மைக்ரோவேவ் அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும். அதனால் ராத்திரி, மேகம், புகை எதுவும் பிரச்னை இல்லை.

747 கி.மீ. உயரத்தில் இருந்து 10 மீட்டர் அளவிலான விவரங்களைப் பார்க்க, சாதாரண முறையில் சுமார் 19 கி.மீ. நீள ஆன்டெனா தேவைப்படும். அதெல்லாம் நடக்காத காரியம். அதனால் செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே பல இடங்களில் இருந்து பதிவு செய்வதை கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இப்படி நிசாரின் 12 மீட்டர் ஆன்டெனாவே ராட்சத ஆன்டெனா போல வேலை செய்கிறது.

சென்டிமீட்டர் கணக்கு எப்படித் தெரியும்?

சிம்பிளா சொன்னா, அலையே ஸ்கேல். நிசாரில் நாசா கொடுத்த எல்-பேண்ட் ரேடாரின் அலைநீளம் சுமார் 24 செ.மீ. ஓர் இடத்தில் தரை ரேடாரை விட்டு 6 செ.மீ. விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறை அலை போகும்போது 6, திரும்பும்போது 6 என 12 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கும். அதாவது பாதி அலை. இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். எல்-பேண்ட் அலை இலைகளைக் கடந்து தரை வரை போகும் என்பதால் காட்டுப் பகுதியிலும் பயன்படும். இஸ்ரோ கொடுத்த எஸ்-பேண்டின் அலைநீளம் இன்னும் குறைவு.

இதே உத்தி விமானத்திலும் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ராஞ்சோ பாலோஸ் வெர்டெஸ் என்ற கடலோர ஊரில் பல ஆண்டுகளாக நிலம் சரிந்து வருகிறது. 2024 செப்டம்பர், அக்டோபரில் நாசா விமானத்தில் ரேடாரைப் பொருத்தி நான்கு முறை பறக்கவிட்டது. சில இடங்களில் வாரத்துக்கு 10 செ.மீ. வரை நிலம் நகர்வது தெரிந்தது. விமானத்தைத் தேவைப்படும்போது தேவையான இடத்துக்கு அனுப்பலாம். ஆனால் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்க செயற்கைக்கோள்தான் சரி. நிசார் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்கு வரும்.

ஜோஷிமட் சொன்ன பாடம்

உத்தராகண்டின் ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது. மக்கள் வீட்டைவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். அப்போது இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் ரேடார் தரவை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை, வெறும் 12 நாளில் 5.4 செ.மீ. வரை நிலம் தாழ்ந்திருந்தது. அதற்கு முன்பே, 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை மெதுவாக 8.9 செ.மீ. வரை இறங்கியிருந்தது.

அதாவது, ஊர் பல மாதங்களாகவே இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த எண் பொதுவெளிக்கு வந்ததோ, வீடுகள் பிளந்த பிறகு. வந்த அறிக்கையும் சில நாட்களில் இணையதளத்தில் இருந்து நீக்கப்பட்டது. அரசு நிறுவனங்கள் ஊடகங்களிடம் தரவைப் பகிர வேண்டாம் என்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியிருந்தது. பல்வேறு விளக்கங்கள் மக்களைக் குழப்புகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம்.

அப்போ நிசார் எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிடுமா?

இல்லை. வயநாடு போல கனமழையில் திடீரென உடையும் சரிவு எப்போது வரும் என்று ரேடார் சொல்லாது. 12 நாள் இடைவெளியில் எதுவும் நடக்கலாம். ஜோஷிமட் போல மெதுவாக நகரும் நிலத்தில்தான் இதன் பலம்.

நிசார் தரவு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிடப்படும் என்று நாசாவும் இஸ்ரோவும் அறிவித்துள்ளன. ஆனால் அது வீட்டுக்காரருக்குப் புரிகிற எச்சரிக்கை இல்லை. நிபுணர்கள் கணக்கிட்டு எடுக்க வேண்டிய எண்கள். அதைத் தொடர்ந்து கவனித்து, 'உங்கள் தெரு இறங்குகிறது' என்று விரிசல் விழும் முன் உள்ளூர் நிர்வாகம் சொல்கிறதா என்பதில்தான் மலையோர ஊர்களின் பாதுகாப்பு இருக்கிறது.