பழம்பெட்டியைப் புதுக்குதல்

மனிதன் தான் வழங்கும் பொருளைத் தன் தேவைக்கும் விருப்பத்திற்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளும் இயல்புடையவன். உழவன் தன் கைப்பிடிக்கு ஏற்ற காம்பினை மண்வெட்டிக்குச் செதுக்கி இடுகின்றான். வண்டிக்காரன் தன் வண்டிக்கு மனத்திற்கு உகந்த வண்ணத்தைத் தீட்டுகின்றான். இக்காலத்தில் இல்லந்தோறும் புகுந்துள்ள கணிப்பொறியும் இவ்வியல்புக்கு விலக்கன்று. பழைய கணிப்பொறியின் பெட்டியைத் தம் கையாலேயே திருத்தியமைக்கும் கலையொன்று கடந்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. அக்கலையின் தன்மையையும், அதில் முதன்முதலாகக் கைவைப்பவன் அறிந்திருக்க வேண்டியவற்றையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கணிப்பொறியின் இன்றியமையாத உறுப்புகள் யாவும் ஓர் இரும்புத் தகட்டுப் பெட்டியினுள் அடங்கியுள்ளன. கடைத்தெருவில் இதனைக் 'கேபினெட்' என்று வழங்குவர். கணக்கிடும் செயலியைத் தாங்கும் மதர்போர்டு, செய்திகளைச் சேமிக்கும் வன்தட்டு, வீட்டு மின்சாரத்தைக் குறைந்த அழுத்தமுடையதாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை இதனுள் இடம்பெறும். பெட்டி இவற்றைத் தூசியினின்றும் அடியினின்றும் காக்கின்றது. உள்ளே எழும் மின்காந்த அலைகள் வெளியேறி வானொலி முதலிய கருவிகளைக் கெடுக்காதவாறு தடுப்பதும் இதன் கடனே.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் பெட்டி மேசைமேல் படுத்த நிலையில் இருந்தது. திரை அதன்மேல் அமர்ந்திருந்தது. பின்னர் நின்ற நிலையிலான கோபுரப் பெட்டிகள் பெருகின. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் பொது அளவினை வகுத்தது. 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடைய மதர்போர்டுக்குரிய திருகாணித் துளைகள் எங்கெங்கு அமைய வேண்டும் என்பது அதனால் வரையறுக்கப்பட்டது. அதன் பயனாக, ஒருவர் செய்த பெட்டியில் மற்றொருவர் செய்த மதர்போர்டு பொருந்தலாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பெட்டியினுள் இன்றைய மதர்போர்டையும் பொருத்தலாம் என்பது இப்பொது அளவின் சிறப்பாகும். உள்ளிருக்கும் உறுப்புகள் பழமையுற்ற பின்னும் பெட்டி பழுதின்றி நிற்பதனால், அதனைப் புதுக்குவதும் வீண் உழைப்பு ஆகாது.

பழைய பெட்டிகளுக்கு ஒரு குறையுண்டு, அது வெப்பமாகும். 1993ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பென்டியம் செயலி ஏறத்தாழ 15 வாட் வெப்பத்தையே வெளியிட்டது. 2004ஆம் ஆண்டில் வந்த பென்டியம் 4 வகைகளுட் சில 100 வாட்டுக்கு மேலும் வெளியிட்டன. நூறு வாட் குண்டு விளக்கொன்றை மூடிய பெட்டியினுள் எரியவிட்டால் என்ன நேருமோ, அதுவே ஈண்டும் நேரும். செயலியின் வேகம் வளர்ந்த அளவிற்குப் பல பெட்டிகளின் காற்றோட்டம் வளரவில்லை. இக்குறையை நீக்க முற்பட்டவர்களே தகட்டில் துளையிட்டு விசிறி பொருத்தத் தொடங்கினர். பின்னர் உள்ளுறுப்புகள் தெரியுமாறு கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகை பதித்தும், வண்ணம் பூசியும், விளக்கிட்டும் அழகு செய்தனர்.

இனி, இம்முயற்சியில் புதிதாக இறங்கும் மாணவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்க. அவன் வீட்டில் பழைய கோபுரப் பெட்டியுடைய கணிப்பொறி ஒன்று உள்ளது. அதன் முன்புறப் பிளாஸ்டிக் வெயிலொளி பட்டுப் பழுப்பேறியுள்ளது. கோடை நண்பகலில் அக்கணிப்பொறி தானே நின்றுவிடுகின்றது. அஞ்சல்வழிக் கல்வி பயிலும் அவன் தமக்கை அதிலேதான் தன் பாடங்களை எழுதுகின்றாள். வேறொன்று வாங்கும் வசதி அவ்வீட்டிற்கு இல்லை. ஆகவே, மாணவன் கைவைக்கும் பெட்டி பாழாயின், தமக்கையின் படிப்பும் தடைப்படும். முயற்சி இனிதாயினும் அதன் பொறுப்பு பெரிதன்றோ?

மாணவன் பக்கத் தகட்டில் பெரிய பலகணி அமைத்து நீல விளக்கிடவே முதலில் விரும்பினான். பழுது நீக்கும் கடைக்காரர் ஒருவரிடம் தன் எண்ணத்தைத் தெரிவித்தான். அவர், "தம்பி, இது நின்றுபோவது தன்னைக் காத்துக்கொள்வதற்காக. சூடு எல்லை கடந்தால் செயலி தானே மின்சாரத்தை நிறுத்திவிடும். முதலில் தூசியைத் துடைத்துப் பார், அடுத்துக் காற்றுக்கு வழி செய், விளக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். தேவையை முன்னும் அழகைப் பின்னும் வைத்த அவ்வறிவுரையே இக்கலையின் முதல் விதி எனலாம்.

பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைச் சுவரினின்று கழற்றிவிட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் பிரித்தல் ஆகாது. 230 வோல்ட் மின்சாரம் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னாக மாறி மின்தேக்கிகளில் தங்குகின்றது. கம்பியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் அது நீங்காதிருக்கக்கூடும். உறுப்புகளைத் தொடுமுன் பெட்டியின் பூச்சற்ற இரும்பைத் தொடுதலும் வேண்டும். உடம்பிற் சேர்ந்துள்ள நிலைமின்சாரம், கைக்குச் சிறிதும் தோன்றாத அளவினதாயினும், நுண்ணிய மின்னுறுப்புகளைக் கெடுக்க வல்லது.

மாணவன் பெட்டியைத் திறந்தபோது செயலியின்மேல் இருந்த அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. செயலிக்கும் அத்தகடுகளுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை உலர்ந்து பொடியாகியிருந்தது. தூசியைத் தூரிகையால் நீக்கிப் பழம்பசையைத் துடைத்துப் புதுப்பசை சிறிதளவு இட்டான். அதனால் நிலை ஓரளவு திருந்தியது. எனினும் நண்பகலில் பெட்டியின் உட்காற்று வெந்தே இருந்தது. பின்புறத்தில் 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றே இருந்தமையே அதற்குக் காரணம். எனவே, பக்கத் தகட்டில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று பொருத்தத் துணிந்தான்.

துளையிடுமுன் செய்யத்தக்கது அளத்தல். பொதுவாக 120 மில்லிமீட்டர் விசிறியின் நான்கு திருகாணித் துளைகளும் 105 மில்லிமீட்டர்ப் பக்கமுடைய சதுரத்தின் மூலைகளில் அமையும். விசிறியின் தடிப்பு 25 மில்லிமீட்டர் ஆகும். அவ்வளவு தடிப்புடைய விசிறி உள்ளே செயலியின் விசிறியை முட்டாதிருக்குமா? இதனை அறிய மாணவன் ஓர் எளிய வழி கண்டான். தடித்த தாளினை மடித்துச் செயலியின் விசிறிமேல் நிறுத்திப் பெட்டியை மூடினான். மீண்டும் திறந்து, அமுங்கிய தாளின் உயரத்தை அளந்தான். அது 40 மில்லிமீட்டர் இருந்தது. விசிறியின் 25 போக 15 மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சுவதால் ஐயம் நீங்கியது.

பின்னர் எல்லா உறுப்புகளையும் வெளியே எடுத்தான். கம்பிகள் எவ்வெவ் இடத்திற் செருகப்பட்டிருந்தன என்பதனைத் தாளில் படமாக வரைந்துகொண்டான்; திருகாணிகளை வகைவகையாகச் சிறு கிண்ணங்களில் இட்டான். உறுப்புகள் உள்ளிருக்கத் தகட்டை அறுத்தல் பெரும்பிழை. அறுக்குங்கால் சிந்தும் இரும்புத்துகள் ஒன்று மதர்போர்டின் மின்வழிகளுக்கு இடையே வீழ்ந்தாலும், இணையத்தகாத இரண்டு வழிகள் இணைந்து உறுப்பு கருகிவிடும்.

அளவிற் கருத்துடையவனாயினும், அம்மாணவன் ஒரு தவறு செய்தான். திறந்த பெட்டியின் எதிரே நின்று, செயலியின் நடுவிடம் இடப்புற விளிம்பினின்று எத்துணைத் தொலைவில் உள்ளது என்று அளந்தான். பிறகு பக்கத் தகட்டை உட்புறம் மேலாகத் தோன்றும்படி மேசைமேற் கிடத்தி, அதன் இடப்புற விளிம்பினின்று அதே தொலைவைக் குறித்தான். தகட்டைத் திருப்பிப் போட்டமையால் இடம் வலமாக மாறியதை அவன் எண்ணவில்லை. கண்ணாடியில் தோன்றும் உருவம்போல அவன் குறித்த இடம் எதிர்ப்பக்கத்திற்குச் சென்றுவிட்டது. சென்டர் பஞ்சு என்னும் கருவியால் நடுவிடத்தைக் குத்தி, 3 மில்லிமீட்டர் அளவில் முதல் துளையை இட்டான். அங்ஙனமே 115 மில்லிமீட்டர் வட்டத்தையும் அறுத்திருப்பின் தகடு பயனற்றுப் போயிருக்கும். ஆனால், "சிறு துளை இட்டதும் பொருத்திப் பார்" என்று கடைக்காரர் கூறியிருந்தது அவன் நினைவிற்கு வந்தது. பொருத்திப் பார்த்தபோது துளை செயலிக்கு நேராக இல்லாமல் வன்தட்டுக்கு நேராக நின்றது. பெருந்தவறு சிறுதவறாக முடிந்தது. அச்சிறு துளையை எம்சீல் பசையால் அடைத்து, அளவை மீண்டும் சரிபார்த்துத் தொடர்ந்தான். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியின் உண்மையை அவன் கை அன்று கற்றுக்கொண்டது.

தகட்டின் பின்னே மரப்பலகையை வைத்து, இரண்டையும் மேசையோடு இறுகப் பிணித்த பின்னரே துளையிடல் வேண்டும். இன்றேல் மெல்லிய தகடு கருவியோடு சுழன்று கையை அறுத்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. சுழலும் கருவியிற் சிக்கக்கூடிய தளர்ந்த ஆடையும் கையுறையும் அப்போது ஆகா. இவ்வேலையை மாணவன் தனித்துச் செய்யாமல், பட்டறைத் தொழில் தெரிந்த தன் சிற்றப்பனின் மேற்பார்வையில் செய்தான். ஹோல்சா எனப்படும் வட்ட வாளை விரைவின்றி ஓட்டி வட்டத்தை அறுத்தனர். கூரிய விளிம்பை அரத்தால் அராவினர். விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டையும் இட்டனர்.

அடுத்து வண்ணம் பூசுதல். முதலில் தகட்டையும் முன்புறப் பிளாஸ்டிக்கையும் சோப்பு நீரால் கழுவி உலர்த்தினான். 400 எண்ணுடைய வாட்டர் பேப்பரால் தேய்த்துப் பளபளப்பை நீக்கினான். வழவழப்பான பரப்பில் வண்ணம் பற்றாது. பிரைமர் பூசி உலர்ந்தபின், 600 எண்ணுடைய தாளால் மெல்லத் தேய்த்து, வண்ணத்தை மூன்று மெல்லிய பூச்சுகளாகத் தெளித்தான். ஒரே பூச்சில் தடிப்பாகத் தெளித்தால் வண்ணம் கண்ணீர்போல் வழிந்து உறைந்துவிடும். வண்ணத்தின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலால் திறந்த வெளியிலேயே தெளித்தான். பக்கத் தகடு பெட்டியோடு தொடும் ஓரங்களைத் தாள்நாடாவால் மறைத்து, வண்ணம் படாமற் காத்தான். இரும்போடு இரும்பு தொட்டிருந்தால்தான் பெட்டி முழுவதும் நிலத்தொடர்பு பெறும். அலைகளைத் தடுக்கும் அரணும் ஆகும். பெரிய பலகணி அமைப்போர் அவ்வரணில் ஒரு வாயில் திறக்கின்றனர் என்பதனையும் மறத்தல் கூடாது.

விசிறியைப் பொருத்துங்கால் காற்றின் திசையை ஓர்தல் வேண்டும். வெளியிலுள்ள குளிர்ந்த காற்று முன்புறத்தின் கீழ்ப்பகுதியிலும் பக்கத்திலும் புகுந்து, வெப்பமுற்றுப் பின்புறத்தின் மேற்பகுதி வழியே வெளியேறுவது நல்லது. பல விசிறிகளின் சட்டத்தில் காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். மாணவன் புது விசிறியைக் காற்று உள்ளே வருமாறு திருப்பி, விரல் படாதிருக்கக் கம்பி வலையும் தூசி புகாதிருக்க நுண்வலையும் இட்டான். பழைய நான்முனை இணைப்பில் மஞ்சட்கம்பி 12 வோல்ட்டையும், சிவப்புக்கம்பி 5 வோல்ட்டையும் தரும், கருங்கம்பிகள் நிலத்தொடர்புடையன. விசிறிக்கு வேண்டுவன மஞ்சளும் கறுப்புமே. தகட்டைக் கழற்றும்போது அறுந்துவிடாதவாறு கம்பியைச் சற்று நீளமாக விட்டான்.

பெட்டியை மூடுமுன் வரைபடத்தோடு ஒவ்வோர் இணைப்பையும் ஒப்பிட்டான். விசையை அழுத்தியபோது கணிப்பொறி இயங்கிற்று. ஆயினும், அவன் உடனே மகிழ்ந்துவிடவில்லை. முன்பு நின்றுபோன அதே நண்பகல் வேளையில், அதே வேலையைக் கொடுத்து, திரையிற் காணும் வெப்ப அளவைக் குறித்துப் பழைய குறிப்போடு ஒப்பிட்டான். வெப்பம் குறைந்திருந்தது; கணிப்பொறி நிற்கவில்லை. அன்று மாலை அவன் தமக்கை தன் கட்டுரையைத் தடையின்றி எழுதி முடித்தாள். நீல விளக்கு இன்னும் இடப்படவில்லை. அதனை அவள் கேட்கவும் இல்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவே முறைப்படி திரட்டி மீட்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் 2024ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய அறிக்கை கூறுகின்றது. ஒரு பெட்டியைப் புதுக்குவதால் இம்மலை குறைந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும், ஒரு பொருளின் உள்ளமைப்பை அறிந்தவன் அதனை எளிதில் எறிந்துவிடான். எது கெட்டது, எது கெடவில்லை என்று பகுத்தறியும் ஆற்றல் அவனுக்கு உண்டாகின்றது. அளந்து, ஆய்ந்து, அறிந்தோரைக் கேட்டுத் தொழில் செய்யும் பழக்கமும் அதனோடு வளர்கின்றது. பழம்பெட்டியைத் திருத்த முற்படும் மாணவன் தன் கையையும் கருத்தையும் திருத்திக்கொள்கின்றான்; அம்முயற்சியின் நிலைத்த பயன் அதுவே.