பள்ளிப் பிள்ளைகளின் மனோநலமும் பெற்றோர் கடமையும்

பயிர் வாடினால் குடியானவன் வேரைப் பார்க்கிறான். மாடு தீனி எடுக்காவிட்டால் வைத்தியரைத் தேடுகிறான். ஆனால், நேற்றுவரை துள்ளித் திரிந்த பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தால், சோம்பல் என்று சொல்லி அடித்து அனுப்புவதே பல வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. சரீரத்திற்கு நோய் வருவதுபோலவே மனத்திற்கும் நோவு உண்டு. அதை வாயால் சொல்லச் சிறு பிள்ளை அறியாது.

ஆகையால் அந்நோவு வேறு உருவங்களில் வெளிப்படும். பள்ளிக்குப் புறப்படும் வேளையில் மட்டும் வயிற்றுவலி காணுதல், நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் வழக்கம் திரும்புதல், தூக்கத்தில் அலறுதல், கூட்டாளிகளை விட்டு ஒதுங்குதல், அற்ப விஷயத்திற்கும் சினங்கொள்ளுதல் ஆகியவை அதன் அறிகுறிகளாயிருக்கலாம். இவை வாரக்கணக்கில் நீடித்தால் அலட்சியம் செய்யலாகாது.

இவ்விஷயத்தில் வீட்டார் அறிவது பாதி. உபாத்தியாயர் அறிவது பாதி. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திடீரென்று வாய் திறவாதிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளை வளர்த்த பாட்டி இறந்துபோனதை உபாத்தியாயர் அறியார். வாசிப்பில் பிசகியபோது மற்றப் பிள்ளைகள் அவளை நகைத்ததைத் தாயார் அறியார். பள்ளியில் மந்தம் என்கிறார்கள். வீட்டில் பிடிவாதம் என்கிறார்கள். இருவரும் சற்று நேரம் கூடிப் பேசினால் உண்மை துலங்கும். பிறகு, தாயார் இரவில் அருகிலிருந்து அவளைப் பாட்டியைப் பற்றிப் பேசவிடலாம். உபாத்தியாயர் நகைப்பை நிறுத்தி, நல்ல தோழி ஒருத்தியை அருகில் அமர்த்தி, அவளால் இயன்ற சிறு வேலையைக் கொடுத்துப் பாராட்டலாம். இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை.

இவ்வாறு கூடுவதற்குச் சட்டமே இடமளித்திருக்கிறது. 2009-ஆம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. 21-வது பிரிவின்படி சர்க்கார் பள்ளிகளில் அமைக்கப்படும் மேலாண்மைக் குழுவில், நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது காப்பாளர் இருத்தல் வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் ஸ்திரீகள். கட்டடம், குடிநீர் முதலியவற்றைப் பேசும் அக்குழு, பிள்ளைகளின் மனோநலத்தையும் பேசலாம். ஆயினும், எந்தப் பிள்ளையின் பெயரையும் சபையில் எடுத்தல் கூடாது. அது பெற்றோரும் உபாத்தியாயரும் தனித்துப் பேசத்தக்கது. இவற்றாலும் குணம் காணாவிடில், ஜில்லா சர்க்கார் ஆஸ்பத்திரியின் மனநல வைத்தியரை நாடுவதில் வெட்கமில்லை. பிள்ளையை யாரேனும் கொடுமை செய்வதாகத் தெரிந்தால், 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணுக்கு உடனே தெரிவிக்கவேண்டும்.

சங்க அங்கத்தினர்களுக்கு இது புதிய பாடமன்று. தவணை தவறியவரை வைவதால் மட்டும் கடன் வசூலாவதில்லை. விளைச்சல் பொய்த்ததா, வீட்டில் நோயா என்று விசாரித்து வழிசெய்யும் பஞ்சாயத்தாரே கடனையும் மீட்கிறார்கள், குடும்பத்தையும் காக்கிறார்கள். கடன்காரரிடம் காட்டும் அப்பொறுமையைத் தம் பிள்ளைகளிடமும் காட்டி, அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறையேனும் பள்ளிக்குச் சென்று உபாத்தியாயரைக் கண்டு பேசுவாராக.