மேஜை மேல் விண்வெளிப் போர்... மூக்கும் கண்ணும் பத்திரம்!

நண்பர் ஒருவர் ஒரகடத்தில், பெயிண்ட் ஷாப்பில் சூப்பர்வைசர். மாஸ்க், கையுறை இல்லாமல் யாராவது லைனில் நின்றால் அவருக்குப் பொறுக்காது. சமீபத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உள்ள அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலைச் சாத்தி, ஏ.சி. போட்டுக்கொண்டு, ப்ளஸ் டூ முடித்த மகன் விரல் உயரப் பொம்மையின் கையை பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தான். அறை முழுக்கப் பசை நெடி!

"ரெண்டு நாளா கண்ணு எரியுதுங்கறான். டி.வி. பார்க்கறதாலதான்னு நான் திட்டிட்டே இருக்கேன்" என்றார் நண்பரின் மனைவி.

நண்பர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என் லைன்ல ஒருத்தன் இப்படி வேலை செஞ்சா நான் விடுவேனா? என் வீட்டுலயே நடக்குதே!"

அப்படி என்ன விளையாட்டு?

சதுரங்கம் மாதிரி மேஜை மேல் ஆடும் போர் விளையாட்டுதான். காய்களுக்குப் பதில் குட்டி வீரர்கள். ஆங்கில எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ், 1913-லேயே பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட 'வார்ஹேமர் 40,000' அதை விண்வெளிக்குக் கொண்டுபோனது. வீரன் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் இருப்பான். துண்டு துண்டாக வரும் அவனை ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். ஒருவன் கையை இன்னொருவனுக்குப் பொருத்தி, புது உருவம் செய்வதுதான் 'கன்வர்ஷன்'.

'இதென்ன புதுப் பைத்தியம்?' என்று கேட்காதீர்கள். கொலுவுக்கு மூக்குடைந்த செட்டியாரை ஒட்டி, வர்ணம் தீட்டி, பார்க் கட்டி உட்கார வைக்கிறோமே, அதுவும் இதே கலைதான்! பொறுமையும் கைநேர்த்தியும் வளர்க்கும் நல்ல பொழுதுபோக்கு. தடுக்க வேண்டாம். ஆனால், முறையாகச் செய்யட்டும்.

பசை

நொடியில் ஒட்டும் ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையின் ஆவியில் தலை சுற்றும். ஏ.சி. அறையின் காற்றையே சுற்றிவிடுகிறது. நெடி வெளியே போகாது. ஜன்னலைத் திறந்து, ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள்.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போங்கள். இமை ஒட்டியிருந்தால் பலவந்தமாகத் திறக்கவே கூடாது. இன்னொன்று: சிந்திய பசையைப் பழைய பனியன் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் அது கொதிக்கச் சூடாகிக் கையைச் சுட்டுவிடும்!

தூசு, புட்டி, ரெசின்

ரெசின் பொம்மையை உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் மாவுத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கட்டும். என்95 மாஸ்க்கும் போடட்டும். ஆனால், அந்த மாஸ்க் தூசைத்தான் தடுக்கும். பசை நெடியையோ ஸ்ப்ரே பெயிண்ட் ஆவியையோ தடுக்காது. ஸ்ப்ரேயை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்-சீல் போன்ற இரட்டைப் புட்டியை வெறுங்கையால் பிசைந்தால் சிலருக்கு அரிப்பு, கொப்புளம் வரும். த்ரீ-டி பிரிண்டரின் இறுகாத ரெசினும் அப்படித்தான். ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் பிறகு ஒரு துளி பட்டாலே மறுபடி வரும். நைட்ரைல் கையுறை கட்டாயம். மீந்த ரெசினைச் சாக்கடையில் ஊற்றாமல், வெயிலில் இறுகவைத்துக் குப்பையில் போடுங்கள்.

காரீயம்

1990-கள் வரை வந்த உலோகப் பொம்மைகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இது காரீயம், விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கெடுதல் செய்யாத ஈய அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பொம்மையை வாங்கினால் அரத்தால் ராவாதீர்கள், உருக்காதீர்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் கூடாது. அமெரிக்காவில் 1920-களில், கடிகார முகப்புக்கு ரேடியம் பூசிய பெண்கள் அப்படிச் செய்துதான் தாடை அரித்து உயிரிழந்தார்கள். இன்றைய வர்ணத்தில் ரேடியம் இல்லை. ஆனாலும் வர்ணம் வாய்க்கான பொருள் அல்லவே!

கண்ணும் கையும்

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்கட்டும். நல்ல டேபிள் லாம்ப் அவசியம். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும், அடிக்கடி மாற்றுங்கள். உடம்புக்கு எதிர்த்திசையில் வெட்டப் பழக்குங்கள். ஆழமாக வெட்டிக்கொண்டால் கட்டுப் போடுவதோடு விடாமல், டெட்டனஸ் ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நண்பர் இப்போது பால்கனியில் மகனுக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார். கண் எரிச்சல் நின்றுவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவரும் உட்கார்ந்து ஒரு டாங்கிக்கு வர்ணம் பூசுகிறார், கையுறையோடுதான்!

தொழிற்சாலை வாசலில் கழற்றி வைக்கும் ஜாக்கிரதையைக் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுவாருங்களேன்.