ஒரே வயல், இரண்டு பந்தி

அம்பத்தூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி; மேனாம்பேடும் அதில் அடக்கம். கதிர் முற்றும் பருவத்தில் நெல்வயலில் வரப்பெலி கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேர்க்கும். அதைத் தேடி வருவது இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட கூகை. அதே வயலோரத்து மரப்பொந்தில் மைனா அளவேயான புள்ளி ஆந்தையும் குடியிருக்கும். ஒரே இடம், ஒரே இரவு. ஆனாலும் இரைக்குப் பெரிய போட்டி இல்லை.

காரணத்தை அவை கக்கும் உருண்டைகளே சொல்லும். செரிக்காத எலும்பையும் மயிரையும் ஆந்தைகள் உருட்டித் துப்பிவிடும். கூகையின் உருண்டையைப் பிரித்தால் எலிமயிருக்குள் முழு மண்டையோடு, தாடை, மஞ்சள் ஏறிய முன்பற்கள் கிடைக்கும். புள்ளி ஆந்தையினதில் பெரும்பாலும் வண்டின் ஓடு, வெட்டுக்கிளிக் கால். நடுவே சுண்டெலி எலும்பும் உண்டு. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் 1990-களில் இப்படித்தான் காவிரிப் படுகைக் கூகைகளின் உணவைக் கணக்கெடுத்தார்கள். எலிதான் அவற்றின் பிரதான இரை என்பது உறுதியானது.

1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது; 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வயல் மனையாயிற்று. புள்ளி ஆந்தை இந்த மாதிரி மாற்றத்தைச் சமாளித்துவிடும். தெருவிளக்கில் மொய்க்கும் ஈசலும் விட்டிலும் வண்டும், சுவரில் பல்லியும் அதற்குப் போதும். பொந்துள்ள ஒரு பழைய மரம் மட்டும் மிஞ்ச வேண்டும்.

கூகையின் பாடுதான் திண்டாட்டம். ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாக்கடைப் பெருச்சாளி ஒரு கிலோவைத் தாண்டும். கூகையின் எடை அதில் பாதிகூடத் தேறாது. குட்டிகளைத்தான் அதனால் பிடிக்க முடியும். மற்றபடி வீட்டுச் சுண்டெலி, மூஞ்சூறு. அதிலும் விஷம் கலந்துவிட்டது. புரோமடியோலோன் என்ற எலிவிஷக் கேக்கைத் தின்ற எலி உடனே சாவதில்லை. உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, சில நாள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலிதான் கூகையிடம் முதலில் சிக்கும். விஷமும் கூடவே வயிற்றுக்குள் போகும்.

வீட்டில் எலித்தொல்லை என்றால் பொறி வையுங்கள், ஓட்டைகளை அடையுங்கள், குப்பையை மூடி வையுங்கள். விஷம் வைத்தே ஆகவேண்டிய நிலை என்றால், செத்த எலியைத் தெருவில் வீசாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.