முவாலிமு: பெயரும் பணியும்

தான்சானியா நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே (1922–1999) அந்நாட்டு மக்களால் 'முவாலிமு' என்றே அழைக்கப்பெற்றார். சுவாகிலி மொழியில் இச்சொல் ஆசிரியர் எனப் பொருள்படும். இஃது அன்பினால் இட்ட பெயர் மட்டும் அன்று. அவர்தம் அரசியலின் நிறையையும் குறையையும் ஒருங்கே உணர்த்துவது என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தபோரா நகரில் முன்னர்க் கற்பித்த நைரேரே, 1952இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். நாடு திரும்பித் தார் எஸ் சலாம் நகரை அடுத்த புகு என்னுமிடத்துப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். 1954இல் தங்கனீக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம் அவர் தலைமையில் தோன்றிற்று. பள்ளியா, அரசியலா என்னும் நிலை எழவே, 1955இல் ஆசிரியப் பணியைத் துறந்தார். 1961இல் தங்கனீக்கா விடுதலை பெற்றது. மறு ஆண்டில் அவர் அதன் குடியரசுத் தலைவரானார். 1964இல் சான்சிபாருடன் இணைந்து அந்நாடு தான்சானியா ஆயிற்று.

ஆட்சிப் பொறுப்பு அவரை மொழிப்பணியினின்று பிரிக்கவில்லை. சேக்சுபியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் சுவாகிலி மொழிபெயர்ப்பை 1963இலும் 'வெனிசு வணிகன்' மொழிபெயர்ப்பை 1969இலும் வெளியிட்டார். பின்னதன் தலைப்பாகிய 'மபெபாரி வா வெனிசி' என்பது ஆராயத்தக்கது. வணிகனைக் குறிக்க அம்மொழியில் வேறு பொதுச்சொல் இருப்பவும், முதலாளியைக் குறிக்கும் 'பெபாரி' என்னும் சொல்லையே அவர் ஆண்டார். மூலத்தில் ஒருமையாக நின்ற பெயர் இங்குப் பன்மையாயிற்று. எனவே, கடன் கொடுத்தவனும் கடன்பட்ட வணிகனும் ஓரினத்தவராக எண்ணப்படுகின்றனர். சமவுடைமையை நாட்டின் நெறியாக அறிவித்த அரூசா அறிக்கை 1967இல் வெளிவந்தது என்பதை நினைப்பின், இத்தேர்வின் கருத்து இனிது புலனாகும். 'பெபாரி' இந்திய வணிகர் வழியாக அங்குச் சென்ற சொல். நம் வழக்கிலுள்ள 'வியாபாரி'க்கு உறவுடையது. கடல் கடந்த ஒரு சொல் அரசியற் கொள்கையைச் சுமந்து நிற்றல் மொழிநூலார்க்கு வியப்பளிப்பதாகும்.

எனினும், வகுப்பறை வேறு, நாடு வேறு. வகுப்பில் பாடத்தை வகுப்பவர் ஆசிரியர் ஒருவரே. நாட்டில் குடிமக்கள் மாணவரல்லர். 1965இல் ஒரு கட்சி ஆட்சி சட்டமாயிற்று. 1973 முதல் உழவர் பலர் தம் விருப்பிற்கு மாறாகப் புதிய சிற்றூர்களில் குடியேற்றப்பட்டனர். நன்மை இன்னதென அறிந்தவர் அதனை அறியாதார்க்கு வற்புறுத்தி ஊட்டலாம் என்னும் எண்ணமே இதன் அடிப்படை என்பது எம் கருத்து.

ஆயினும், 1985இல் அவர் குடியரசுத் தலைவர் பதவியினின்று தாமே விலகினார்; பின்னர்ப் பல கட்சி முறையையும் ஆதரித்துப் பேசினார். தாம் வகுத்த பாடத்தைத் தாமே மீண்டும் ஆராய முற்பட்டமையின், 'முவாலிமு' என்னும் பெயர் அவர்க்குப் பொருந்துவதே என்று துணிகின்றோம்.