காரின் பக்கக் கண்ணாடி ஏன் கற்கண்டாய் உதிர்கிறது?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊராட்சிகளை ‘நாடு’ என்றே அழைக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, பெரக்கரை நாடு என்று மலை முழுதும் நாடுகள்தாம். காலையில் ஒரு நாட்டில் புறப்பட்டு மதியத்திற்குள் இன்னொரு நாட்டுக்கு நடந்தே போய்ச் சேரலாம்! ஆனால் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் வரவேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும்.

அந்த வளைவுகளை எல்லாம் கடந்து, விலையுயர்ந்த மின்சாரக் கார் ஒன்று பெரக்கரை நாட்டுக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும் எஸ்.யூ.வி. வகை. காரை ஒரு மிளகுத் தோட்டத்தின் ஓரம் நிறுத்தியிருக்கிறார்கள். தோட்டத்தில் ஒருவர் புல்வெட்டும் எந்திரத்தால் களை வெட்டுகிறார். வேகமாகச் சுழலும் எந்திரத்தில் ஒரு கல் அகப்பட்டுத் தெறிக்கிறது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ‘படீர்’ என்று ஓர் ஓசை. ஓடிப்போய்ப் பார்த்தால் பின்கதவில் கண்ணாடியே இல்லை! இருக்கையின்மேல் கற்கண்டைக் கொட்டியது போல ஒரு குவியல் கிடக்கிறது.

வரும் வழியில் இதைவிடப் பெரிய கல் ஒன்று முன்கண்ணாடியில் பட்டிருந்தது. அங்கே சிலந்தி வலை போல ஒரு கீறல் விழுந்ததோடு சரி. ஒரே காரில், ஏறத்தாழ ஒரே பொருளால் ஆன இரண்டு கண்ணாடிகள் ஏன் இப்படி வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன?

கண்ணாடி உண்மையில் வலிமையான பொருள். அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால்தான் தாங்காது. காரணம், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் எப்போதும் இருக்கின்றன. கண்ணாடி வளையும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவிசை முழுவதும் கீறலின் கூரிய நுனியில் வந்து குவிகிறது. கீறல் பிளந்துகொண்டு ஓடுகிறது. இதை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1921-இல் வெளிவந்தது.

அப்படியானால் கீறல் திறக்காமல் இருக்க என்ன செய்யலாம்? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பத்து நோட்டுப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு முனைகளிலும் உள்ளங்கைகளை வைத்து நன்றாக அழுத்தியபடி தூக்குங்கள். ஒன்றோடொன்று ஒட்டப்படாத புத்தகங்கள் ஒரே கட்டை போல மேலே வரும். அழுத்தம் இருக்கும்வரை புத்தகங்களுக்கு நடுவே இடைவெளி திறக்காது. கையைத் தளர்த்தினால் எல்லாம் கீழே விழும்.

இதே வேலையைத்தான் கண்ணாடித் தொழிற்சாலையில் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டைத் தேவையான வடிவில் வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, துளை வேண்டுமானால் அதையும் போட்டுவிட்டு, 600 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடாக்குகிறார்கள். கண்ணாடி இளகுகிறது, கதவின் வளைவுக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம். உடனே இருபுறமும் வரிசை வரிசையான குழாய்களிலிருந்து குளிர்ந்த காற்றைப் பாய்ச்சுகிறார்கள். மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து இறுகிவிடுகிறது. உட்பகுதி இன்னும் சூடாகவே இருக்கிறது. பிறகு உட்பகுதி குளிர்ந்து சுருங்க முயலும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பையும் தன்னோடு சேர்த்து இழுக்கிறது. இதனால் மேற்பரப்பு நிரந்தர அமுக்கத்திலும் உட்பகுதி நிரந்தர இழுவிசையிலும் மாட்டிக்கொள்கின்றன. அந்த அமுக்கம் சாதாரணமானதன்று. ஒரு சதுர செ.மீ. பரப்பின்மேல் 700 முதல் 1000 கிலோ எடை வரை ஏற்றி வைத்ததற்குச் சமம்! மேற்பரப்பின் கீறல்கள் எல்லாம் நம் நோட்டுப் புத்தகங்களைப் போல அழுந்தி மூடிக் கிடக்கின்றன. ஆகவே இந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கு மடங்கு வரை தாங்கும். இதுதான் பதப்படுத்திய கண்ணாடி. கடைகளில் ‘டஃபண்டு’ என்பார்கள்.

காற்றுக் குழாய்கள் பாய்ந்த தடத்தை நீங்களே பார்க்கலாம். காலையிலோ மாலையிலோ, ஒளியை முனைவாக்கும் குளிர்கண்ணாடி அணிந்துகொண்டு, நின்றிருக்கும் காரின் பின்கண்ணாடியைப் பாருங்கள். மங்கலான புள்ளிகள் வரிசையாகத் தெரியும். கண்ணாடிக்குள் உறைந்து கிடக்கும் தகைவின் அடையாளம் அது.

இனி அந்தச் சுண்டைக்காய்க் கல்லுக்கு வருவோம். அதன் கூர்முனை, அமுக்கத்தில் இருக்கும் மேற்பரப்பைத் துளைத்து, இழுவிசையில் இருக்கும் உட்பகுதியைத் தொட்டுவிட்டது. அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஆற்றல் முழுவதும் விடுபடுகிறது. விரிசல் கிளைவிட்டு, கிளை மேலும் கிளைவிட்டு ஓடுகிறது. அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். 80 செ.மீ. அகலமுள்ள கண்ணாடியைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று வகுத்துப் பாருங்கள். விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஏறத்தாழ பாதிதான்! கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இந்த விந்தையை 17-ஆம் நூற்றாண்டிலேயே மனிதர்கள் ஒரு விளையாட்டுப் பொருளில் கண்டிருந்தார்கள். உருகிய கண்ணாடிச் சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் தலைப்பிரட்டை வடிவில் இறுகும். ரூபர்ட் என்ற இளவரசர் 1660-இல் இவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்ததால் ‘ரூபர்ட் இளவரசரின் துளிகள்’ என்று பெயர். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலின் நுனியைக் கிள்ளினால் துளி முழுவதும் தூளாகிவிடும். அது எப்படித் தூளாகிறது என்பதை 1994-இல் சந்திரசேகர், சௌத்ரி என்ற இரு அறிவியலாளர்கள் அதிவேக ஒளிப்படக் கருவியால் படம்பிடித்து, விரிசலின் வேகத்தை அளந்தனர். துளியின் மேற்பரப்பு அமுக்கம் ஒரு சதுர செ.மீ.க்கு 7000 கிலோ அளவுக்கு இருப்பதாக இவர்களும் எஸ்டோனிய அறிஞர்களும் சேர்ந்து பின்னர் கண்டறிந்தனர். காரின் பக்கக் கண்ணாடி, தட்டையாக்கப்பட்ட ரூபர்ட் துளி எனலாம்.

இப்படி உதிர்வது குறையல்ல, வேண்டுமென்றே செய்தது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீண்ட சில்லுகள் கிடைக்கும். அவை முகத்திலும் கழுத்திலும் பாயும். பதப்படுத்திய கண்ணாடியின் மணிகள் சிராய்ப்போடு விட்டுவிடும். உடைந்த கண்ணாடியில் எந்த இடத்தில் 5 செ.மீ. சதுரம் எடுத்து எண்ணினாலும் 40 துண்டுகளுக்குக் குறையக்கூடாது என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி. (எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்!)

லாரிக் கூண்டு கட்டுவதற்குப் பெயர்போன நாமக்கல்லில் கண்ணாடிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கீழே போய் ஒரு துண்டு வெட்டி வந்து மாட்டிவிட்டால் என்ன? முடியாது. பதப்படுத்திய கண்ணாடியில் வைரமுனை சற்று ஆழமாகப் பதிந்தால் தகடு முழுவதும் மணியாகிவிடும். வெட்டுவது, தேய்ப்பது, துளைப்பது எல்லாம் சூடாக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் பொருத்துவதோ ஆபத்தானது, சட்டமும் அனுமதிக்காது. ஆகவே அந்தக் காரின் அந்தக் கதவுக்கென்றே செய்த கண்ணாடி வந்துதான் ஆகவேண்டும். இவ்வகைக் கார்கள் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்து மகிந்திரா உலக நகரிலும், 2025 முதல் தூத்துக்குடியிலும்கூட உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணாடித் தகடும் தயாராகிறது. ஆயினும் குறிப்பிட்ட ஒரு கதவின் வளைந்த கண்ணாடி எங்கோ ஒரு கிடங்கிலிருந்து வர நாளாகலாம்.

வரவழைக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்கண்ணாடி ஏன் உதிரவில்லை என்ற கேள்வி பாக்கி இருக்கிறதல்லவா? பிரெஞ்சுக்காரர் எடுவார் பெனடிக்டஸின் குடுவை ஒன்று 1903-இல் கீழே விழுந்தது. அது விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. முன்பு அதிலிருந்த செல்லுலோஸ் கரைசல் உலர்ந்து உட்சுவரில் படலமாக ஒட்டியிருந்ததே காரணம். 1909-இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டுகிறார்கள். இது அடுக்குக் கண்ணாடி. ‘லாமினேட்டட்’ என்று குறிப்பார்கள். கண்ணாடி உடைந்தாலும் படலம் விடாது.

மின்சாரக் காரில் இது பக்கக் கதவுகளுக்கும் வந்துவிட்டது. பெட்ரோல் காரில் எஞ்சினின் இரைச்சல் மற்ற ஓசைகளை மறைத்துவிடும். மின்மோட்டாரோ அமைதியானது. ஆகவே காற்றின் சீறலும் டயரின் உரசலும் பெரிதாகக் கேட்கின்றன. அதிலும் 4 மி.மீ. கண்ணாடி, விநாடிக்கு 3000 அதிர்வுகளை ஒட்டிய ஒலியை எளிதாக உள்ளே விட்டுவிடும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த ஒலியைத்தான்! நடுவில் மென்மையான படலம் இருந்தால் அது அதிர்வை விழுங்கிவிடுகிறது. எனவே விலையுயர்ந்த கார்கள் பலவற்றில் பக்கக் கதவுகளுக்கும் அடுக்குக் கண்ணாடி வைக்கிறார்கள். சிலவற்றில் முன்கதவுகளுக்கு மட்டும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. 2025 அக்டோபர் 24 அன்று ஆந்திரத்தின் கர்னூல் அருகே ஒரு பேருந்து தீப்பிடித்தபோது, ஜன்னல்களை உடைத்துக்கொண்டுதான் பலர் உயிர் தப்பினர். பதப்படுத்திய கண்ணாடி மணியாக உதிர்ந்து வழிவிடும். அடுக்குக் கண்ணாடி வழிவிடாது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு மின்சார எஸ்.யூ.வி. பின்னோக்கி நகர்ந்து குளத்தில் மூழ்கியது. மீட்க வந்தவர்கள் அதன் கண்ணாடியை உடைக்கப் பெரும்பாடு பட்டனர். ஓட்டி வந்த பெண்மணி இறந்தார். ஏ.ஏ.ஏ. என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் ஆறு அவசரக் கருவிகளைச் சோதித்தது. பதப்படுத்திய கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. அடுக்குக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை.

ஆகவே காரில் எந்த ஜன்னல் எந்த வகை என்று தெரிந்திருப்பது நல்லது. கண்ணாடியின் கீழ்மூலையில் சிறிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். நம் நாட்டுக் கண்ணாடியில் ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் பெரும்பாலும் இருக்கும். எழுத்து புரியாவிட்டால் ஜன்னலைப் பாதி இறக்கி மேல்விளிம்பைப் பாருங்கள். நடுவே ஒரு கோடு ஓடினால் அது அடுக்குக் கண்ணாடி. நம் பெரக்கரை நாட்டுக் காரின் பின்கதவில் இருந்தது உதிர்ந்துவிட்டபடியால், அது பதப்படுத்தியது என்பதில் ஐயமில்லை. அதே வகையைத்தான் வரவழைக்க வேண்டும்.

மாற்றும் வேலை பொறுமையைக் கேட்கும். முதலில் காரை அணைத்து, சிறிய 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் காத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு மேலே கூரை ஓரத்தில் காற்றுப்பை சுருண்டு கிடக்கிறது. தவறி வெடித்தால் ஆளையே தள்ளிவிடும். ஆரஞ்சு நிற உறை போட்ட உயர்மின்னழுத்தக் கம்பிகள் இருக்கும் பக்கம் இந்த வேலையில் போகவே தேவையில்லை. பிறகு கதவின் உள்பலகையைக் கழற்றி, உள்ளே விழுந்த மணிகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். இதில்தான் பாதி நேரம் போகிறது. ஒரு மணி தங்கினாலும் கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தில் சிக்கிப் புதுக் கண்ணாடியைக் கீறும். அடுத்து, புதுக் கண்ணாடியை ஏற்றியிறக்கும் மெஷினில் பொருத்துகிறார்கள். அதன் எடை என்ன இருக்கும்? 80 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், 0.4 செ.மீ. கனம், அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.5 கிராம் என்று பெருக்கினால் 3.6 கிலோ. கடைசியாக, ஜன்னலை முழுக்க ஏற்றி இறக்கி, எங்கே நிற்க வேண்டும் என்று காரின் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையின் விரல் இடையில் அகப்பட்டாலும் ஜன்னல் நிற்காது போகலாம்.

உடைந்தது கதவுக்குப் பின்னாலுள்ள அசையாத சிறு கண்ணாடியாக இருந்தால், அதைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டியிருப்பார்கள். பழைய பசையைக் கம்பியால் அறுத்தெடுத்துப் புதுப்பசை இடவேண்டும். இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது! கொல்லிமலை மூடுபனியில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனால் மலைக்குளிர் வினையின் வேகத்தைக் குறைக்கும். அவசரப்பட்டு மாலையிலேயே புறப்படாமல் மறுநாள் வெயில் ஏறிய பிறகு கிளம்பலாம்.

70 வளைவுகளிலும் இறங்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி பேட்டரியை நிரப்பும். 2500 கிலோ கார் ஏறத்தாழ 1000 மீட்டர் இறங்கினால் எத்தனை யூனிட் ஆற்றல் வெளிப்படும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஏழு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக விடை வரும். அதில் ஒரு கணிசமான பங்கு பேட்டரிக்குத் திரும்பிவிடும்.